மலைக்கு மறுபுறம் வெயில்: தக்கலையிலிருந்து திருகோணமலைக்கு

புறப்படுவதற்கு முந்தைய நாள், தக்கலை

பள்ளி விடுமுறை தொடங்கிய நாள் முதல் எங்கள் மகன் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். குளச்சலும் முட்டமும் எங்களுக்குத் தொலைவில்லை. ஆனால் ஐந்து வயதுச் சிறுவனையும் இன்னும் இரண்டு வயது நிறையாத அவன் தங்கையையும் மே மாதத்து மேலைக்கடலில் இறக்க எங்களுக்குத் துணிவில்லை. கள்ளக்கடல் என்று நம் கரையோர மக்கள் சொல்லும் அலையெழுச்சி, காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரென்று ஏறிவரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் கரையைத் தொடுவதே அதற்குக் காரணம். 2024 மே மாதத்தில் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்ததை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, பிள்ளைகள் பயமின்றி இறங்கக்கூடிய அமைதியான கடலும், மழை குறுக்கிடாத வெயிலும், எங்கள் கைக்கு அடங்கும் செலவும் சேர்ந்த ஓரிடத்தைத் தேடினோம். நால்வருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொண்டோம். திருவனந்தபுரத்திலிருந்து எளிதில் போகக்கூடிய மாலத்தீவு நினைவுக்கு வந்தது. ஆனால் மே முதல் அங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலம், தீவுக்குத் தீவு படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும். தாய்லாந்தின் புக்கெட் கரை மேற்கு நோக்கி இருப்பதால் அதே மழை அங்கும் அடிக்கும். துபாயில் மழை இல்லை. ஆனால் மே மாத இறுதியில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு கடற்கரையில் உட்கார முடியாது. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் இந்த மாதத்துக்கு மிகவும் பொருத்தமானவை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அங்கே போவோம். கோலாலம்பூரில் இறங்கி, மீண்டும் ஒரு விமானமோ நீண்ட பேருந்துப் பயணமோ, அதன்பின் படகு என்று போவது இந்த வயதில் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் தண்டனையாகிவிடும்.

விடையைக் கொடுத்தது ஆரல்வாய்மொழிக் கணவாய்தான். ஆனி மாதத்தில் குலசேகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, கணவாயைக் கடந்து காவல்கிணறு போனால் வானம் வெளுத்துக் கிடக்கும், முப்பந்தலில் காற்றாலைகள் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். மலை மழையை வாங்கிக்கொண்டு மறுபுறத்துக்கு வெறும் காற்றைத்தான் அனுப்புகிறது. இலங்கையிலும் இதே கணக்குதான் என்பது என் கணவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புலப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் நனைத்து, நடுவிலுள்ள மலைநாட்டில் மழையை இறக்கிவிடுகிறது. கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். நாகர்கோவிலும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட பாகையில்தான் இருக்கின்றன. சூரியன் இரண்டுக்கும் ஒன்றுதான். மலைக்கு எந்தப் பக்கம் என்பதே வேறுபாடு.

ஆயத்தங்களில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பத்து விழுக்காடு தள்ளுபடி. பெற்றோர் இருவரும் கையொப்பமிடும் 'டி' இணைப்புப் படிவத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். திருநெல்வேலிச் சேவை மையத்துக்கு இருவரையும் ஒரே நாளில் கூட்டிப்போனோம். இரண்டாவது, இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனால் விமானக் கட்டணத்தில் சிறு பகுதியே கேட்பார்கள். ஆனால் திரும்பும் நாளிலும் அந்த வயது நிறைந்திருக்கக் கூடாது. மகளுக்கு ஜூன் 9ஆம் தேதி இரண்டு வயது முடிகிறது என்பதாலேயே பயணத்தை மே கடைசி வாரத்துக்குள் அடக்கினோம்.

முதல் நாள், வழியில்

களியக்காவிளை தாண்டும்போதே தூறல். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகும் நேரத்தில் கால் பங்குகூட இல்லை. என் மாமனார் 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சில மாதங்கள் ஓடிய கப்பலில் போய்வர ஆசைப்பட்டு, அது நின்றுபோனதால் கடைசிவரை போகாமலே இருந்துவிட்டார். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள்; யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அது நல்ல வழி, எங்களுக்குச் சுற்று.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியபோது கொழும்பில் கனமழை. மகன் என் முகத்தைப் பார்த்தான். "மக்களே, இது மலைக்கு இந்தப் பக்கம்" என்று அவன் அப்பா சொன்னார். அவனுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. நேரம் இங்கும் நம் நேரம்தான் என்பதால் பிள்ளைகளின் பசியும் தூக்கமும் கலையவில்லை. மாற்றிய பணத்தில் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றரை அளவில் கிடைத்தது. கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கைகளை முன்பே பதிவு செய்திருந்தோம். ரயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மகள் என் மடியிலும் மகன் இரண்டு இருக்கைகளிலுமாகத் தூங்குகிறார்கள். இரவில் பயணம் செய்வதால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம்.

இரண்டாம் நாள், திருகோணமலை

விடியுமுன் விழித்துக்கொண்டேன். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்த பிறகு ரயில் யானைக் காட்டுக்குள் மெல்ல ஊர்ந்தது. யானையை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் கந்தளாய் அருகே வெளிச்சம் வந்தபோது பார்த்தது எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. மண் காய்ந்திருந்தது, புதர்கள் புழுதி படிந்து நின்றன, ஆனால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயல்கள் மட்டும் பச்சையாக இருந்தன. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நேற்று மாலை கொழும்பில் நனைந்த என் சேலைத் தலைப்பு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஓரிரவில் கணவாயைத் தாண்டிவிட்டோம்.

தங்குமிடம்தான் ஏமாற்றம். மிகவும் மலிவாக இருக்கிறதே என்று இரண்டு இரவுகளுக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்த விடுதி, படத்தில் கடலோரமாகத் தெரிந்தது. நேரில் வாகனங்கள் ஓயாத பெரிய சாலைக்கு அப்பால் இருந்தது. கொசுவலையில் இரண்டிடங்களில் கிழிசல். மகளின் பாலை வைக்க ஃபிரிட்ஜ் கேட்டபோது வரவேற்பு மேசையில் இருந்தவர் தலையை மட்டும் அசைத்தார். அறை மூன்றாம் மாடியில், படிக்கட்டில் கைப்பிடிக்குக் கீழே குழந்தை நுழைந்து விழும் அளவுக்கு இடைவெளி. பகல் முழுவதும் மகளைக் கையை விட்டு இறக்காமலே கழித்தேன். தப்பு எங்களுடையதும்தான். விலையைப் பார்த்த கண்ணால் கொசுவலை, ஃபிரிட்ஜ், தரைத்தளம், கடலுக்கு நடந்துபோகும் வழி ஆகிய நான்கையும் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பதிவு செய்யுமுன் இந்த நான்கையும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் என் கணவர் உப்புவெளிப் பக்கம் நடந்துபோய், ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் இரவுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் நாள், உப்புவெளி

காலையிலேயே இடம் மாறினோம். வீட்டுக்கார அக்கா வாசலுக்கு வந்து, "வாங்கோ தங்கச்சி, பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேணுமெண்டால் குசினி இஞ்சதான்" என்று சமையலறையைக் காட்டியபோது, ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வாடகை முதல் விடுதியைவிட நானூறு ரூபாய்தான் கூடுதல். தரைத்தளம், வேப்பமரம், கிணறு, கதவைத் திறந்தால் மணல்.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கரை செங்குத்தாக இறங்கும், அலை காலை வாரும். இங்கே கரையிலிருந்து இருபது முப்பது அடி போன பிறகும் மகனுக்கு இடுப்பளவுதான் தண்ணீர். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஓரத்தில் ஒரு நுரைக்கோடு வந்து வந்து அழிகிறது. மகளை இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினேன். முதலில் கால் விரல்களை மடக்கிக்கொண்டாள். தண்ணீர் பின்வாங்கும்போது பாதத்துக்கடியிலிருந்து மணல் கரைந்து குதிகால் புதைவதை உணர்ந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தானே உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் நகத்தளவுச் சிப்பி ஒன்று ஒதுங்கியது. அது மெல்ல மணலுக்குள் இறங்கி மறைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடல் என்றால் எட்டி நின்று பார்ப்பது என்றே வளர்ந்த எனக்கு, என் குழந்தை கடலுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது.

கிழக்குக் கரைக்கு எப்போதும் இந்தக் குணம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றில் இதே கடல் கொந்தளிக்கும், சுற்றுலா விடுதிகள் பாதி மூடிக்கிடக்கும் என்று அக்கா சொன்னார்.

இரவு இடியாப்பமும் சொதியும் மீன் குழம்பும். பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுவதுபோலவே சாப்பிட்டார்கள். வெளிநாடு போகும் இளம் குடும்பங்களுக்குப் பெரும் செலவு வைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த உணவைத் தேடி அலைவதுதான். இங்கே அந்தச் செலவே இல்லை. தேங்காய்ப்பாலும் சிவப்பரிசியும் மீனும் நம் வீட்டுச் சமையலுக்கு இத்தனை நெருக்கமாக இருக்கும் வெளிநாடு வேறொன்று இருக்க வழியில்லை.

நான்காம் நாள்

இன்று நாங்கள் செய்த தவற்றையும் எழுதத்தான் வேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்கியவர்கள், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததால் வெயில் ஏறியதை உணராமல் பதினொன்றரை வரை இருந்துவிட்டோம். பிற்பகலில் மகனுக்குத் தோள் சிவந்து, தலைவலித்து, இரண்டு முறை வாந்தி. நம் ஊர் வெயில்தானே என்று நினைத்தது பிழை. வீட்டில் பிள்ளைகள் தென்னை நிழலில் விளையாடுகிறார்கள். இங்கே திறந்த மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கின்றன. அக்கா செவ்விளநீர் வெட்டிக்கொடுத்தார். என் கணவர் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வாங்கி வந்தார். ஈரத்துண்டு போட்டு, கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, மாலை ஆறு மணிக்கு அவன் பசிக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"விடியவே போங்கோ, ஒன்பது மணிக்கு ஏறிடுங்கோ, பிறகு நாலரைக்குப் போங்கோ" என்றார் அக்கா. இனி அதுதான் எங்கள் நேரக்கணக்கு.

ஐந்தாம் நாள்

மகனுக்கு ஓய்வு என்பதால் கடலுக்குப் போகவில்லை. அதிகாலையில் ஆட்டோவில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். சிறு சிறு கிணறுகளாக ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. இராவணன் தன் தாயின் இறுதிக்கடனுக்காக ஏழிடங்களில் வாளை ஊன்றியதால் பிறந்தவை என்பது இங்குள்ள கதை. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், இறங்க முடியாது. மிகக் குறைந்த சூடுள்ள கிணற்றில் மகளுக்கு ஊற்றினேன்.

மாலையில் கோணேசுவரம். சம்பந்தர் பாடிய தலம் என்பது எல்லோரும் அறிந்ததே. பழைய பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து அந்தக் கல்லைக்கொண்டு கோட்டை கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை வைத்திருந்தார்கள். அந்த ஃபிரெடெரிக் கோட்டைக்குள் நடந்துதான் கோயிலுக்கு ஏற வேண்டும். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்ற ஒல்லாந்தப் படையும் இலங்கையிலிருந்து வந்ததுதான். அதில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் படைத்தலைவரான டி லனாய், எங்கள் வீட்டுக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். அதை மகனிடம் சொன்னேன். அவனோ கோட்டைக்குள் வாலாட்டித் திரியும் புள்ளிமான்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவுக்கு மேலே நின்று கீழே கடலைப் பார்த்தபோது அவன் கையை நான் விடவே இல்லை.

ஆறாம் நாள்

நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைக்குப் போவதுதான் திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரின் நோக்கம். 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவு, பவளப்பாறைகளும் கருநுனிச் சுறாக்களும் உள்ள இடம். நுழைவுக் கட்டணம், படகு, முகக்கண்ணாடி வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றோம். மூழ்கிப் பார்க்கத் தெரியாத பிள்ளைகளோடு அங்கே போவதில் பயனில்லை, நிழலும் குறைவு. நீந்தத் தெரிந்தவர்கள் தவறவிடக்கூடாது.

காலையில் மீண்டும் உப்புவெளிக் கரை. எட்டரை மணிக்கு மேல் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று எழுந்தது. மகனுடைய ரப்பர் பந்து தண்ணீரில் விழுந்தது. என் கணவர் எட்டு அடி வைப்பதற்குள் அது இருபதடி போயிருந்தது. அவர் மார்பளவுத் தண்ணீர் வரை விரைந்தார், பந்து இன்னும் விரைவாகப் போனது. வலையைக் காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கரையிலிருந்து, "விடுங்கோ தம்பி! கச்சான் பிடிச்சிட்டுது, இனி வராது" என்று குரல் கொடுத்தார். பந்து ஒரு சிவப்புப் புள்ளியாகி மறைந்தது. மகன் அழுதான். நானோ, அந்தப் பந்து இருந்த இடத்தில் காற்றடைத்த மிதவையும் அதன்மேல் என் பிள்ளையும் இருந்திருந்தால் என்று நினைத்துக் கைகால் நடுங்கி நின்றேன். முந்தைய நாள்தான் கடையில் ஒரு மிதவையை விலை பேசிவிட்டு வந்திருந்தோம்.

அமைதியான கடலில் இருக்கும் ஆபத்து இதுதான். கச்சான் என்னும் மேல்காற்று நிலத்தின் மேல் வீசி வருவதால் கரையோரம் அலை எழுவதில்லை, பார்வைக்குக் குளம்போல் இருக்கிறது. ஆனால் மிதக்கும் எதையும் அது ஆழத்தை நோக்கியே தள்ளும். காற்றெழுந்த பிறகு மிதவைகளை இறக்கவே கூடாது. பிள்ளை எந்நேரமும் கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். மேல்காற்றுக்கு முட்டத்து மீனவர்களும் கச்சான் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கடலிலிருந்து வந்து கரையை அடிக்கும் காற்று, இங்கே மலையைத் தாண்டிவந்து கரையிலிருந்து கடலுக்குப் போகிறது.

மாலையில் அழுகையை ஆற்ற அவனுக்கு ஏதாவது வாங்கித்தரலாம் என்று கடைத்தெருவுக்குப் போனோம். தள்ளுவண்டிக்காரர், "கச்சான் வேணுமோ தம்பி?" என்று கேட்டதும் மகன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். இங்கே நிலக்கடலைக்கும் அதே பெயர். சுடச்சுடக் காகிதச் சுருளில் வாங்கிக் கொடுத்த பிறகு, பந்தைக் கொண்டுபோன கச்சானையே தின்கிறேன் என்று அவனே சொல்லிக்கொண்டு தின்றான்.

ஏழாம் நாள்

எதுவும் செய்யாத நாள். விடியற்காலை இரண்டு மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் கடல், இடையில் வேப்பமர நிழலில் தூக்கம். ஆறு நாட்களில் இங்கே ஒரு சொட்டு மழையில்லை. இரவு ரயிலுக்குப் புறப்படும்போது அக்கா மகளுக்குப் பொட்டலம் கட்டிய பிட்டும் வாழைப்பழமும் கொடுத்தார். அவள் அவரைப் பெரியம்மா என்று அழைக்கப் பழகிவிட்டாள்.

எட்டாம் நாள், தக்கலை

பிற்பகலில் வீடு வந்து சேர்ந்தோம். மார்த்தாண்டத்தில் மழை அடர்ந்து பெய்துகொண்டிருந்தது, பருவமழை இறங்கிவிட்டது என்று அத்தை சொன்னார்.

பாஸ்போர்ட் செலவு நீங்கலாக மொத்தச் செலவு 1,03,500 ரூபாய். நால்வருக்கான விமானக் கட்டணம் 51,400, தங்குமிடம், விட்டுவந்த ஓரிரவையும் சேர்த்து 19,000, உணவு 13,200, இலங்கைக்குள் ரயிலும் ஆட்டோவும் 8,600, பயண அனுமதி, மருத்துவக் காப்பீடு, நுழைவுக் கட்டணங்கள் 6,300, திருவனந்தபுரத்துக்கு வாடகைக் கார் போகவர 5,000. பாதிக்குப் பாதி விமானத்துக்கே போயிருக்கிறது. தேதியை முதலில் முடிவு செய்து மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தால் அதில் இன்னும் குறைத்திருக்கலாம். மகள் மடியில் வந்தது பெரும் மிச்சம், அடுத்த ஆண்டு அது இருக்காது.

அரையாண்டு விடுமுறையில் போக நினைப்பவர்கள் நான் எழுதியதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். டிசம்பரில் மழை திருகோணமலைப் பக்கம் போய்விடும், வெயிலும் அமைதியான கடலும் தென்மேற்கே பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ கரைகளுக்கு வந்துவிடும். அங்கே தங்கும் செலவு கூடுதலாகவே இருக்கும், ரயில் பயணம் மிகவும் குறையும். கொழும்பிலிருந்து கடலோரமாகவே பாதை போகிறது. பிள்ளைகளைக் கடல் பக்கத்துச் சன்னலில் உட்கார வைக்க வேண்டுமென்றால் தெற்கே போகும்போது வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்.